கால் மார்க்கைக் காணோம்

வா தம்பி, உட்காரு. பெங்களூர்லேர்ந்து ரயில்ல நின்னுகினே வந்திருப்பே, காலு கடுக்கும். டீ சொல்லட்டா? வேணாமா? மொகத்தைப் பார்த்தாலே தெரியுது, பையனோட கணக்குப் பேப்பர் வந்திருக்குது. "பெரிப்பா, இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு பெருக்கல் வரல, ஒரு வகுத்தல் வரல, எங்க காலத்துல இப்படியா இருந்துச்சு?"ன்னு ஆரம்பிக்கப் போறே. நானே சொல்லிட்டேன், உனக்கு மூச்சு மிச்சம்.

எங்க காலம் எங்க காலம்னு சொல்றியே, அது எந்தக் காலம்? 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி நம்ம கோலார் தங்கவயல்ல பி.ஜி.எம்.எல். கம்பெனி தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடினப்போ நீ அரை டிராயர் போட்டுக்கினு இந்தச் சுரங்கக் குடியிருப்பு ஸ்கெலட்டன் லைன்ல கோலி ஆடிக்கினு இருந்தே. அந்த அரை டிராயருக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறியா? உங்கப்பன் இங்க வந்து உட்கார்ந்து, இதே பொலம்பலை, உன் பேரைச் சொல்லிப் பொலம்பினான். உங்கப்பன் பேரைச் சொல்லி உங்க தாத்தா பொலம்பினதையும் இந்தக் காது கேட்டிருக்குது. வீட்டுக்கு வீடு பாத்திரம் பண்டம் விட்டுட்டுப் போறாங்களோ இல்லையோ, இந்தப் பொலம்பலை மட்டும் நகை நட்டா எடுத்து அடுத்த தலைமுறைக்குக் குடுத்துட்டுத்தான் போறாங்க.

எங்க தாத்தா இருந்தாரே, அவரு பெரிய பெருமைக்காரரு. 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி இங்க சுரங்கத்தைக் கையில எடுத்தப்புறம் வட ஆற்காட்டுலேர்ந்து மூட்டை கட்டிக்கினு வந்த கூட்டத்துல அவரும் ஒருத்தரு. எங்கப்பாவைப் பார்த்து ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சொல்லுவாரு: "அணா பைசா தாண்டி உனக்கு இன்னாடா தெரியும்? முந்திரி தெரியுமா, காணி தெரியுமா?" முந்திரின்னா பாயசத்துல போடறதுன்னு எங்கப்பா நெனச்சுக்கினு இருந்தாரு. ஒண்ணை 320 பங்கு போட்டா அதுல ஒரு பங்கு முந்திரி. எண்பதுல ஒண்ணு காணி. இருபதுல ஒண்ணு மா. பதினாறுல ஒண்ணு மாகாணி. அதோட விட்டாங்களா? அந்த முந்திரியையும் 320 பங்கு போட்டு, அதுக்குக் கீழ்முந்திரின்னு பேரு வெச்சாங்க. அதாவது ஒண்ணை 1,02,400 பங்கு போட்டா அதுல ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடி அத்தனையும் தலைகீழா ஒப்பிக்கணும். தப்பினா பிரம்பு. கீழ்முந்திரி அளவுக்கு நெல்லை அளந்து வாங்கின மகராசன் எவனாவது உண்டான்னு கேட்டா அதுக்கும் பிரம்பு.

இதுல ஒரு வேடிக்கை இருக்குது கேளு. எங்க தாத்தா அந்தத் திண்ணையில உட்கார்ந்ததே கெடையாது. உட்கார வுட்டாத்தானே! இந்த லைன்ல குடிவந்த ஜனங்கள்ல முக்காவாசிப் பேரைத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாசல்ல கூட ஊர்க்காரங்க நிக்க வுடல. வாத்தியார் வீட்டு மாட்டைப் புடிச்சுக்கினு தெருவுல நின்னு, உள்ள ஒப்பிக்கறதைக் காதால வாங்கிக்கினு வந்ததுதான் எங்க தாத்தாவோட முந்திரியும் காணியும். அப்புறம் இங்க வந்து, போன நூற்றாண்டு ஆரம்பத்துல அயோத்திதாசப் பண்டிதரோட பௌத்த சங்கம் மாரிக்குப்பத்துல கிளை வெச்சப்புறம்தான், எழுத்தும் எண்ணும் நமக்கும் உண்டுன்னு நம்ம ஜனங்க வாய்விட்டுச் சொன்னாங்க.

அதனால அந்தக் காலத்துக் கணக்கு உசத்தின்னு யாராவது சொன்னா, எத்தனை பேருக்கு உசத்தின்னு நான் ஒரு கேள்வி கேப்பேன். ஊருக்கு ஏழெட்டுப் பிள்ளையைத் திண்ணையில உட்கார வெச்சுட்டு, மத்தவனையெல்லாம் வயக்காட்டுக்கு ஓட்டிட்டா, திண்ணையோட தரம் ஓஹோன்னுதான் இருக்கும். பரீட்சைக்கே வராதவன் ஃபெயில் ஆகமாட்டான், பாரு. 2009-ல சட்டம் போட்டு, 2010-லேர்ந்து ஆறு வயசுலேர்ந்து பதினாலு வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துல இருக்கணும்னு சொன்னப்புறம் எல்லாருக்கும் உள்ள வர உரிமை வந்துச்சு. உள்ள வந்தவங்களைப் பார்த்துத் தரம் கெட்டுப்போச்சுன்னு வெளிய நின்னு மூக்கைச் சொறியறது ஒரு தினுசு நாகரிகம். அந்த நாகரிகம் உனக்கு வேணாம் தம்பி. உன் பூட்டனும் தெருவுல நின்னவருதான்.

சரி, எங்கப்பா கதைக்கு வரேன். அவரு அணா பைசா ஆளு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. சம்பளச் சீட்டைப் பார்த்ததும் வாயாலயே கூட்டிக் கழிப்பாரு. தாத்தாவோட மாகாணியை இவரு கேலி பண்ணுவாரே தவிர, ஒரு அணாங்கறதே ரூபாயில மாகாணிதான்னு அவருக்குத் தோணவே இல்லை. அப்புறம் 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்துச்சு நயா பைசா. ரூபாய்க்கு நூறு. எங்கப்பா கொதிச்சுப் போயிட்டாரு. "பூஜ்ஜியத்தைச் சேர்க்கறதும் எடுக்கறதும் ஒரு கணக்கா? இனிமே இந்தப் பசங்க மூளை துருப்புடிச்சுப் போயிரும்"னாரு. அந்தப் பசங்கன்னா யாரு? நாந்தான்.

துருப்புடிச்ச மூளை இன்னா பண்ணுச்சு தெரியுமா? பதினாறு அணாவை நூறு பைசாவுல மாத்தினா ஒரு அணாவுக்கு ஆறே கால். கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அதனால சர்க்கார் ஒரு பட்டியல் போட்டுச்சு: ஒரு அணாவுக்கு 6 நயா பைசா, ரெண்டு அணாவுக்கு 12, மூணு அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25. கடையில தொங்கற அந்தப் பட்டியலைப் பார்த்துக்கினே நின்னேன். மூணு அணாவுக்குச் சாமான் ஒட்டுக்கா வாங்கினா 19. அதையே ஒரு அணா ஒரு அணாவா மூணு தரம் வாங்கினா 18. எங்கம்மா மூணு அணாவுக்கு வெல்லம் வாங்கியாடான்னு 19 பைசா குடுத்து அனுப்பிச்சா, நான் கடைக்காரர் கிட்ட மூணு பொட்டலமாக் கட்டச் சொல்லுவேன். ஒரு பைசா என்னுது. கடைக்காரரு கண்டுபிடிச்சு, காதைத் திருகி, "உனக்குக் கணக்கு வரும்டா, ஆனா ஒழுக்கம் வராது"ன்னு சர்டிபிகேட் குடுத்தாரு. அந்த ஆறே காலை ஞாபகம் வெச்சுக்க, பின்னால வரும்.

இப்ப உன் பையன் கதை. நீ சொல்றதுல உண்மையே இல்லைன்னு நான் சொல்ல வரல. பிரதம்னு ஒரு தொண்டு நிறுவனம் 2005-லேர்ந்து கிராமம் கிராமமாப் போய், வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பிள்ளைங்களுக்கு ஒரு கணக்குக் குடுத்துப் பார்க்குது. மூணு இலக்கத்தை ஒரு இலக்கத்தால வகுக்கணும், அவ்வளவுதான். 2024-ல அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்கள்ல 30.7 சதவீதம் பேருதான் போட்டாங்க. எட்டாங்கிளாஸ்ல 45.8. நம்ம ஊரு டவுனு, இங்க அவங்க வரலன்னு நீ மார் தட்டிக்கலாம். ஆனா இதுலயும் உன் பொலம்பலுக்கு ஒரு எடஞ்சல் இருக்குது. அஞ்சாங்கிளாஸ் கணக்கு 2018-ல 28-க்குக் கிட்ட இருந்துச்சு, கொரோனாவுக்கு அப்புறம் 2022-ல 25.6-க்கு விழுந்துச்சு, அங்கேர்ந்து 30.7-க்கு ஏறியிருக்குது. தலைமுறை தலைமுறையாச் சறுக்கிக்கினே போகுதுன்னு நீ சொல்றே. அது பள்ளத்துலயே கெடந்து கொஞ்சம் ஏறி எறங்குதுன்னு அவங்க அறிக்கை சொல்லுது. பள்ளம் பள்ளந்தான், அதுல நான் சண்டைக்கு வரல.

சறுக்கினது யாருன்னு கேளு, சொல்றேன். 2024-ல நம்ம கர்நாடகத்து எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை ஹால்ல கேமரா வெச்சு நேரடியாப் பார்த்தாங்க. முந்தின வருஷம் 83.89 சதவீதம் பாஸ். கேமரா வெச்ச வருஷம் 73.40. பாவம், அத்தனை பிள்ளைங்களுக்கும் ஒரே வருஷத்துல மறதி வந்துருச்சு! அந்த 73.40-கூட சும்மா வரல. 35-ல இருந்த தகுதி மார்க்கை 25-க்கு எறக்கி, 10 சதவீதமா இருந்த கிரேஸ் மார்க்கை 20-க்கு ஏத்தி, முட்டுக் குடுத்துத் தூக்கி நிறுத்தின நம்பர் அது. முதலமைச்சருக்கே கோவம் வந்து, அடுத்த வருஷத்துலேர்ந்து இந்தச் சலுகை கெடையாதுன்னுட்டாரு. 2025 அக்டோபர்ல இன்னொண்ணு அறிவிச்சாங்க: இனிமே மொத்தத்துல 33 சதவீதம் எடுத்தாப் போதும், ஒவ்வொரு பாடத்துலயும் 30. அதாவது 625-க்கு 206 எடுத்தவன் பாஸ்.

பேப்பர்ல அதைப் படிச்சதும் எனக்கு ஒரு நமைச்சல். உன் பையனைக் கூப்பிட்டு, "625-ல 33 சதவீதம் எவ்வளவுடா?"ன்னேன். அவன் மொதல்ல போனைத் தேடினான். போனை நான் வாங்கி மடியில வெச்சுக்கினேன். "625-ல ஒரு சதவீதம் எவ்வளவு?" கொஞ்ச நேரம் மேல பார்த்தான். "ஆறே கால், தாத்தா." அடேய், அது எங்க ஆறே காலுடா! ஒரு அணாவுக்கு எத்தனை நயா பைசாவோ, அதே ஆறே கால். "அதை முப்பத்தி மூணால பெருக்கு"ன்னேன். விரலை மடக்கி, தரையில கரியால எழுதி, அழிச்சு, மறுபடி எழுதி, "206.25"ன்னான். அப்புறம் அவனாவே முழிச்சுக்கினு கேட்டான் பாரு ஒரு கேள்வி: "தாத்தா, 206 எடுத்தா 33 ஆகலையே, 32.96தானே வருது? கால் மார்க்கு எங்க போச்சு?"

எங்க போச்சா? 1957-ல அணாவுலேர்ந்து காணாமப் போன அதே கால்தான். சர்க்காருக்கு எப்பவும் காலைத்தான் புடிக்காது. 25 பைசாவையே 2011 ஜூன் 30-ஓட செல்லாதுன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்களே! ஆனா தம்பி, நீ கவனிக்க வேண்டியது வேற. கணக்கே வராதுன்னு நீ தலையில அடிச்சுக்கற பையன், கல்வித் துறை வுட்ட காலைக் கண்டுபுடிச்சான். ஏன்? இந்தக் கணக்குல யாரோ ஏமாத்தறாங்கன்னு அவனுக்கு மூக்குல வேர்த்துச்சு. அவன் புஸ்தகத்துல இருக்கற கணக்குல யாரும் யாரையும் ஏமாத்தறதில்ல. தொட்டியில ஒரு குழாய் தண்ணி ரொப்புது, இன்னொரு குழாய் காலி பண்ணுது. குழாயை மூடுடான்னு சொல்ல அங்க ஒரு மனுசன் இல்ல.

சுரங்கத்துலயும் தங்கம் வத்திக்கினு வந்துச்சு. ஆரம்பத்துல டன் பாறைக்கு நாப்பது கிராமுக்கு மேல கெடைச்சது, கடைசியில மூணு கிராம் சொச்சத்துக்கு வந்து நின்னுச்சு. அப்பக்கூட தகரத்தைக் காட்டி இனிமே இதுதான் தங்கம்னு கம்பெனி சொல்லல, தம்பி. நஷ்டம்னு கையை விரிச்சு மூடிச்சு. பாஸ் மார்க்கை எறக்கறவங்களுக்கு அந்த நேர்மையாவது வேணும்.

இப்ப சுரங்கத்துக்குக் கீழ நடந்த கணக்கைச் சொல்றேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேட்டு வைக்கறது என் வேலையா இருந்துச்சு. ஷிப்ட் முடியறப்போ பாறை மொகத்துல பன்னெண்டு ஓட்டை போட்டு, மருந்து கெட்டிச்சு, திரி கொளுத்திட்டு ஒதுங்கி நிப்போம். வாயே தெறக்கக் கூடாது. எண்ணணும். ஒண்ணு. ரெண்டு. மூணு... பதினொண்ணு. அதோட அமைதி. இப்ப உன் பையனோட வாத்தியார் கேட்டா பன்னெண்டுல பதினொண்ணு போனா ஒண்ணு. கீழ நிக்கறவனுக்கு அந்த விடை பத்தாது. ரெண்டு வேட்டு சேர்ந்தாப்ல வெடிச்சு ஒரே சத்தமாக் கேட்டிருக்கலாம். அப்படின்னா மீதி பூஜ்ஜியம். இல்லன்னா ஒண்ணு வெடிக்காம பாறைக்குள்ள படுத்துகினு இருக்கலாம். அடுத்த ஷிப்ட்காரன் ட்ரில்லை அங்க வெச்சான்னா அவன் போனான். எது சரியான விடை? சந்தேகம் வந்துச்சுன்னா உசுருக்கு ஆபத்தான விடையைத்தான் சரின்னு வெச்சுக்கணும். உடனே உள்ள போகக்கூடாது, காத்திருக்கணும், மேல சொல்லணும், அடுத்து வர்றவன் காதுலயும் போட்டுட்டுத்தான் கேஜ் ஏறணும். சம்பளப் புஸ்தகத்துல கட்டைவிரல் ரேகை வெச்ச ஆளுங்க போட்ட கணக்கு இது. எண்சுவடியும் தெரியாது, நயா பைசாப் பட்டியலும் தெரியாது, கழித்தல் மட்டும் தப்பாது. தப்பினவன் வீட்டுல எழவு விழும்.

அதே சாம்பியன் ரீஃப்ல இன்னொரு கூட்டமும் எண்ணிக்கினு இருந்துச்சு. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்களும், ஜப்பான் ஒசாகா, இங்கிலாந்து டர்ஹாம் ஆளுங்களும். நியூட்ரினோன்னு ஒரு துகளாம், பூமியையே துளைச்சுக்கினு போகுமாம். வேற துகள் வந்து எண்ணிக்கையைக் கலைக்காம இருக்கறதுக்கு மைல் கணக்குல பாறை தலைக்கு மேல வேணும்னு இங்க எறங்கினாங்க. காத்து மண்டலத்துல பொறக்கற நியூட்ரினோவை 1965-ல நம்ம ஊருப் பாதாளத்துல புடிச்சாங்க. வருஷக்கணக்குல காத்துக் கெடந்து எண்ணினது விரல் விட்டு எண்ணற அளவுதான். ஒண்ணு கூடிச்சோ, குறைஞ்சுச்சோன்னு அவங்க எங்களை விட அதிகமாவே பயந்தாங்க. டாக்டர் பட்டம் வாங்கினவனும் கைநாட்டும் ஒரே குழியில ஒரே வேலை பண்ணினாங்க: ஒழுங்கா எண்ணினாங்க. சுரங்கம் மூடினப்போ சம்பளம் போச்சுன்னு அழுதோம், தண்ணி போச்சுன்னு அழுதோம். இந்த லைன்லேர்ந்து கணக்கும் போச்சுன்னு ஒருத்தரும் அழல.

இனிமே உன் பக்கம் திரும்பறேன், கோச்சுக்காதே. தண்டல்காரன் கிட்ட நூறு நாள் கெடுவுல பத்தாயிரம் வாங்கினியே, இன்னா வட்டின்னு கேட்டதுக்கு, "ஆயிரந்தான் பெரிப்பா, பத்து பர்சென்ட்"னே. நீ கணக்குல புலியாச்சே, பார்ப்போம். ஆயிரத்தை மொதல்லயே புடிச்சுக்கினான், உன் கைக்கு வந்தது 9,000. ஆயிரத்தை ஒன்பதாயிரத்தால வகு, பதினொண்ணு தாண்டுது. அந்த ஒன்பதாயிரம் நூறு நாளும் உன் கையில இருந்துச்சா? தினம் நூறு ரூபா கட்டறே, தினம் கடன் குறையுது. சராசரியாப் பார்த்தா பாதி, 4,500 ரூபாதான் உன் கிட்ட இருந்துச்சு. ஆயிரத்தை 4,500-ஆல வகு, 22 வருது. அதுவும் நூறு நாளைக்கு. வருஷத்துக்கு மூணரை தரத்துக்கு மேல நூறு நாள் இருக்குது. பெருக்கு. எண்பதுக்குக் கிட்ட வருதா? எண்பது பர்சென்ட் வட்டிக்குக் கடன் வாங்கிட்டு, பத்து பர்சென்ட்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு, பையன் வகுத்தல் போடலன்னு அவன் முதுகுல டின்னு கட்டறே. இதுல போட்ட கணக்கு அத்தனையும் பெருக்கலும் வகுத்தலும்தான், அவன் படிக்கற பாடம்தான்.

டியூஷன்ல சேர்த்திருக்கேன்னு சொல்லுவே. டியூஷன்ல இன்னா நடக்குதுன்னு எட்டிப் பார்த்தியா? பாஸிங் பேக்கேஜ்னு ஒரு கட்டு பேப்பர். எந்தக் கேள்வி வரும், அதுக்கு எத்தனை வரி எழுதினா எத்தனை மார்க்குன்னு நெட்டுருப் போட வைக்கறாங்க. முக்கோணத்துக்கு ஏ, பி, சி-ன்னு பேரு வெச்சா தேற்றம் வருது, பி, க்யூ, ஆர்-னு வெச்சா வேர்த்துக் கொட்டுது. எங்க தாத்தா கீழ்முந்திரியை ஒப்பிச்ச அதே ஒப்பித்தல், இதுக்கு மாசா மாசம் ஃபீஸ் வேற. அதுக்காக வாய்ப்பாடே வேணாம்னு நான் சொன்னதா வெளிய போய் உளறாதே. பன்னெண்டாம் வாய்ப்பாடு நாக்குல இல்லாதவனுக்கு வகுத்தல் வராது, சும்மா கத்தி பிரயோஜனம் இல்ல. வாய்ப்பாடு வேணும், அதை வெச்சுக்கினு சண்டை போட ஒரு காரணமும் வேணும்.

காரணத்தை நீதான் குடுக்கணும். கடையில போனை நீட்டிட்டு, எவ்வளவு போச்சுன்னு பார்க்காம நீ திரும்பி வரே. பக்கத்துல நிக்கற பையன் எதைப் பார்த்துக் கழித்தல் கத்துக்குவான்? ரேஷன் கடை சீட்டை அவன் கூட்டட்டும். கால் கிலோ பாக்கெட்டா, ஒரு கிலோ பாக்கெட்டா, எது லாபம்னு அவன் சொல்லட்டும். சீட்டுக் கம்பெனி தள்ளுபடியை அவன் போட்டுப் பார்க்கட்டும். தப்பாப் போட்டா கை ஓங்காதே, நஷ்டத்தை அவனையே சொல்லச் சொல்லு. அவன் சரியாப் போட்டு, நீ தப்பாப் போட்டிருந்தா, அதை மூடி மறைக்காதே. வீட்டுல எல்லாரும் இருக்கறப்போ ஒத்துக்க. அப்பன் ஏமாந்த கணக்கைக் கண்டுபுடிக்கற ருசி ஒரு தரம் நாக்குல பட்டுச்சுன்னா, அப்புறம் அந்தப் பிள்ளைக்கு டியூஷன் வேணாம். பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போனா, மார்க்கு எத்தனைன்னு மட்டும் கேட்டுட்டுத் திரும்பாதே. இந்த விடை எப்படி வந்துச்சுன்னு என் பையன் சொல்லுவானான்னு கேளு. வாத்தியாருக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கும், இருக்கட்டும்.

சரி, எழுந்திரு, வீட்டுல தேடுவாங்க. இன்னிக்கு ராத்திரி சாப்பாடானதும் அந்தத் தண்டல் நோட்டை எடுத்து உன் பையன் கையில குடு. இப்ப நான் சொன்ன விடையைச் சொல்லாதே, அவனே போடட்டும். எண்பதுன்னு அவன் சொல்லி, "ஏம்பா இப்படி ஏமாந்தே?"ன்னு உன்னைக் கேட்டான்னா, பதில் சொல்லாம அடுத்த தண்டல் வாங்கறதை நிறுத்து. அவனுக்குக் கணக்கு வருது.